சமாதானத்தைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: ஆசியாவின் அடையாளப் பிணக்குகளை அணுக ஒரு வழிகாட்டி

சமாதானம் பற்றிப் படிக்க வேண்டும், எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது பத்துப் பக்கத்துக்குள் அடங்கிவிடுகிற ஓர் ஆவணத்தை. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசும், அதன் ஆச்சே மாகாணத்தில் தனிநாடு கேட்டுப் போராடிய சுதந்திர ஆச்சே இயக்கமும் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் அது. அதில் தத்துவம் எதுவும் இருக்காது. எத்தனை துப்பாக்கிகள் ஒப்படைக்கப்படும், எத்தனை போலீஸார் தங்குவார்கள், எரிவாயு வருமானத்தில் யாருக்கு எத்தனை சதவீதம், ஆச்சேக்கு எனத் தனிக் கொடி உண்டா இல்லையா என்று வரி வரியாக எழுதியிருப்பார்கள்.

இரண்டு சமூகங்கள் மோதிக்கொள்வதற்குக் காரணம் பழைய வெறுப்புதான் என்று நினைத்துக்கொண்டு இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் வந்தேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது வேறு. அரசு அலுவலகத்தில் கடிதம் எந்த மொழியில் வருகிறது, நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது, குடிமக்கள் பட்டியலில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பது போன்ற, வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சின்னதாகத் தெரிகிற விஷயங்களில்தான் அடையாளப் பிணக்கு வேர் பிடிக்கிறது. தீர்வும் அங்கேதான் நிற்கும், இல்லையென்றால் அங்கேதான் சரியும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க உங்களை அந்தச் சின்ன விஷயங்களின் பக்கமே இழுத்துக்கொண்டு போகும்.

முதல் படி: ஒரே ஒரு பிணக்கைத் தேர்ந்தெடுங்கள்

ஆசியா முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க முயலாதீர்கள். ஒன்றை எடுத்து ஆறு மாதமாவது அதோடு இருங்கள். தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பிணக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தம் போட்டு அது நிலைத்த இடங்கள் உண்டு: ஆச்சே, 1986 ஜூன் 30 ஒப்பந்தத்துக்குப் பிறகான மிசோரம். ஒப்பந்தம் இருந்தும் பாதியில் நிற்கிற இடங்கள் உண்டு: 1997 டிசம்பர் 2 அன்று உடன்பாடு கண்ட வங்கதேசத்தின் சிட்டகாங் மலைப்பகுதி அப்படிப்பட்டது. இலங்கையில் 1957இன் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம்போல் ஓராண்டுகூட நிற்காதவை உண்டு. தாய்லாந்தின் தென்கோடியில் பட்டாணிப் பகுதியும், இந்தியாவில் மணிப்பூரும், மியான்மரில் ஏறக்குறைய நாடு முழுவதும் இன்னும் காயம் ஆறாமல் இருக்கின்றன.

முதல் தடவைக்கு, ஒப்பந்தம் நிலைத்த ஒன்றை எடுங்கள். அதுவும் உங்களுடைய சொந்தப் பிணக்காக இல்லாமல் இருக்கட்டும். தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் நேராக இலங்கைக்குத்தான் போவார்கள், அது இயல்பு. ஆனால் நம் வீட்டு மரணத்தைப் பற்றிப் படிக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் மனம் கொதிக்கும், கை நடுங்கும், நமக்குச் சாதகமான வரி மட்டும் கண்ணில் படும். ஆச்சேயிலோ பிலிப்பைன்ஸின் மிண்டானாவோவிலோ கண்ணைப் பழக்கிக்கொண்டு, அப்புறம் இலங்கைக்கு வாருங்கள். அப்போது உங்களுக்கு வேறு கேள்விகள் கிடைத்திருக்கும்.

இரண்டாம் படி: நான்கைந்து சொற்கள் போதும்

கோட்பாட்டில் மூழ்க வேண்டாம், ஆனால் சில சொற்கள் இல்லாமல் நகர முடியாது. நார்வேயைச் சேர்ந்த யோஹான் கால்டுங் 1959இல் ஒஸ்லோவில் சமாதான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர். துப்பாக்கிச் சத்தம் நின்றிருப்பதை எதிர்மறைச் சமாதானம் என்றும், நீதியும் சமத்துவமும் உள்ள நிலையை நேர்மறைச் சமாதானம் என்றும் பிரித்துக் காட்டினார். 1969இல் கட்டமைப்பு வன்முறை என்ற கருத்தை முன்வைத்தார். யாரும் யாரையும் அடிக்காமலே, சட்டமும் நிறுவனங்களும் ஒரு கூட்டத்தாரின் வாழ்வைக் குறுக்கிவிடுவதற்கு அந்தப் பெயர். அந்த வன்முறை சரிதான் என்று நம்ப வைக்கிற கதைகள், சின்னங்கள், பாடப்புத்தகங்கள் எல்லாவற்றையும் சேர்த்து 1990இல் பண்பாட்டு வன்முறை என்றார்.

இதை மியான்மரின் ரொஹிங்கிய முஸ்லிம்களோடு பொருத்திப் பாருங்கள். 2017 ஆகஸ்டில் தொடங்கி 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்கதேசத்துக்கு ஓடியதை உலகமே பார்த்தது. ஆனால் 1982இன் குடியுரிமைச் சட்டம் அதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது. அரசு ஏற்கும் 135 இனங்களின் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. பட்டியலில் இல்லாத பெயர்தான் கட்டமைப்பு வன்முறை. அந்த மக்களை "வங்காளிகள்" என்றே அழைக்க வேண்டும் என்ற பிடிவாதம் பண்பாட்டு வன்முறை. 2017இல் எரிந்த கிராமங்கள் நேரடி வன்முறை. மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், கிராமங்கள் எரிவதை மட்டும் நிறுத்திவிட்டால் ஏன் போதாது என்பது புரியும்.

இன்னொருவர் எட்வர்ட் அசார். லெபனானில் பிறந்தவர். நீடித்த சமூகப் பிணக்கு என்று அவர் சொன்னது, பாதுகாப்பு, அங்கீகாரம், அதிகாரத்தில் பங்கு ஆகிய அடிப்படைத் தேவைகள் ஒரு சமூகத்துக்குத் தொடர்ந்து மறுக்கப்படும்போது பல தலைமுறைக்கு நீளும் மோதலை. பணத்தையும் நிலத்தையும் பாதிப் பாதியாகப் பிரிக்கலாம், அங்கீகாரத்தை அப்படிப் பிரிக்க முடியாது. அடையாளப் பிணக்குகள் பேரம் பேசி முடிக்க இவ்வளவு கடினமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாம் படி: சுவரில் காலக்கோடு வரையுங்கள்

இந்தப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். ஒரு நீளத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். நடுவில் ஒரு கோடு. நீங்கள் எடுத்துக்கொண்ட பிணக்கில் எத்தனை தரப்பு உண்டோ அத்தனை நிறப் பேனா. ஒவ்வொரு தரப்பும் "எல்லாம் இங்கேதான் தொடங்கியது" என்று எந்த ஆண்டைச் சொல்லும் என்று தேடிக் குறியுங்கள்.

இலங்கைக்கு இதைச் செய்தால் என்ன ஆகும் என்று காட்டுகிறேன். வடக்கு கிழக்குத் தமிழர் ஒருவர் பெரும்பாலும் 1956 என்று தொடங்குவார், சிங்களம் மட்டும் சட்டம். அங்கிருந்து 1958 கலவரம், 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம், 1983 ஜூலை என்று கோடு ஓடும். மலையகத் தமிழர் 1956க்குக் காத்திருக்க மாட்டார். அவருடைய கோடு 1948 குடியுரிமைச் சட்டத்தில் தொடங்கும். அடுத்த புள்ளி 1964: சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று மனிதர்களை இரண்டு அரசுகள் பங்கு போட்டுக்கொண்ட ஆண்டு. அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முஸ்லிம் ஒருவர் 1915 கலவரத்தைச் சொல்லலாம். வடக்கு முஸ்லிமாக இருந்தால் 1990 அக்டோபர் என்றுதான் சொல்வார். யாழ்ப்பாணத்தில் சில மணி நேர அவகாசத்தில் கையில் எடுத்தது போக மற்றதை விட்டுவிட்டுப் புலிகளின் கட்டளைப்படி வெளியேறிய நாள் அது. சிங்களவர் ஒருவர் 1815இல் கண்டி வீழ்ந்ததிலிருந்தோ, மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த தமிழர்கள் அரசு வேலைகளில் தங்கள் மக்கள்தொகையைவிட அதிக பங்கு பெற்ற காலனிய காலத்திலிருந்தோ தொடங்குவார். 1985இல் அநுராதபுரத்தில் கொல்லப்பட்டவர்களும் 1996இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் இறந்தவர்களும் அந்தக் கோட்டில் இருப்பார்கள்.

இப்போது தள்ளி நின்று பாருங்கள். ஒருவருடைய கோட்டில் தடித்த புள்ளியாக இருப்பது அடுத்தவருடைய கோட்டில் இல்லவே இல்லை. ஒரே ஆண்டு ஒருவருக்கு வெற்றி, இன்னொருவருக்கு இழவு. யார் சொல்வது சரி என்று உடனே தீர்ப்பெழுதத் தோன்றும். எழுதாதீர்கள். எல்லாக் காயமும் ஒரே அளவு என்று நான் சொல்லவில்லை, அது உண்மையும் இல்லை. ஆனால் எதிரில் உட்காரப்போகிறவர் எந்த ஆண்டிலிருந்து பேசுகிறார் என்று தெரியாமல் எந்தப் பேச்சுவார்த்தையும் நகராது. அதற்குத்தான் இந்தச் சுவர். காலியாக இருக்கிற இடங்களுக்கு அடியில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். உங்கள் அடுத்த மாத வாசிப்பு அந்தக் கேள்விக்குறிகள்தான்.

நான்காம் படி: கேட்பது என்ன, வேண்டுவது என்ன, பயப்படுவது எதற்கு

ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு தாள் எடுத்து மூன்று பத்தி பிரியுங்கள். வெளியே சொல்கிற கோரிக்கை, அதற்குப் பின்னால் இருக்கிற தேவை, அதற்கும் அடியில் கிடக்கிற பயம். பயிற்சி வகுப்புகளில் இதை வெங்காயம் உரிப்பது என்பார்கள். செய்து பார்த்தால்தான் இதன் பலம் தெரியும், அதனால் ஆச்சேயை எடுத்துச் செய்வோம்.

1976 டிசம்பர் 4 அன்று ஹசன் தி திரோ சுதந்திர ஆச்சே இயக்கத்தைத் தொடங்கினார். கோரிக்கை ஒன்றுதான்: தனிநாடு. ஜகார்த்தாவின் நிலையும் ஒன்றுதான்: நாடு பிரிபடாது. இந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டால் நடுவில் எதுவும் இல்லை. 2002 டிசம்பரில் ஒரு மோதல் தவிர்ப்பு உடன்பாடு வந்தது. அது அடிப்படைக் கேள்வியைத் தொடாமல் சண்டையை மட்டும் நிறுத்தப் பார்த்தது. 2003 மே மாதத்தில் முறிந்தது, இராணுவ நடவடிக்கை தொடங்கியது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. ஆச்சேயில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அலைதான் சமாதானத்தைக் கொண்டுவந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அதை அப்படியே ஏற்காதீர்கள். அதே அலை இலங்கையையும் அடித்தது, அங்கே மூன்றே ஆண்டில் போர் முழுமூச்சில் நடந்தது. ஆச்சேயில் அலைக்கு முன்பே இரு தரப்பும் களைத்திருந்தன, பேசுவதற்கான இரகசியத் தொடர்புகள் இருந்தன. அலை வேகத்தைக் கூட்டியது.

பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அஹ்திசாரி மத்தியஸ்தராக இருந்தார். எல்லாவற்றிலும் உடன்படும் வரை எதிலும் உடன்பாடு இல்லை என்பது அவர் போட்ட விதி. 2005 பிப்ரவரியில் நடந்த இரண்டாம் சுற்றில்தான் பெரிய நகர்வு வந்தது. இயக்கத்தினர் சுதந்திரம் என்ற சொல்லை ஒதுக்கி வைத்துவிட்டு "சுயமாக ஆளும் உரிமை" என்று பேசத் தொடங்கினார்கள். அரசோ "சிறப்புத் தன்னாட்சி" என்று ஏற்கெனவே ஒரு சட்டம் வைத்திருந்தது. அந்தச் சொல் ஆச்சேக்காரர்களுக்குக் கசந்துபோன சொல், கொடுத்துக் கொடுத்துப் பிடுங்கிய வாக்குறுதிகளின் பெயர். கடைசியில் ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "ஆச்சேயை ஆளுதல் பற்றிய சட்டம்" என்று எழுதினார்கள். இரு தரப்பும் தோற்காத ஒரு தலைப்பு. மத்தியஸ்தம் என்ற வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று யாராவது கேட்டால் நான் இந்தத் தலைப்பைத்தான் காட்டுவேன்.

இப்போது ஆவணத்தை எடுத்துப் பயத்தின் பத்தியோடு ஒப்பிட்டு வாசியுங்கள். எங்கள் எரிவாயுவை எடுத்துக்கொண்டு எங்களை ஏழையாக வைத்திருப்பார்கள் என்ற பயத்துக்கு எதிரே, 70 சதவீத வருமானம் ஆச்சேக்கு என்ற பிரிவு. தேர்தலில் நின்றாலும் ஜகார்த்தாவில் தலைமையகம் உள்ள கட்சிகளுக்குள்தான் கரைய வேண்டும் என்ற பயத்துக்கு எதிரே, உள்ளூர்க் கட்சிகளுக்கு வழி செய்யும் பிரிவு. இந்த ஒன்றுக்காகப் பேச்சுவார்த்தையே உடையும் நிலைக்குப் போனது. ஜகார்த்தாவின் பயத்துக்கு எதிரே, வெளியுறவு, பாதுகாப்பு, நாணயம், நீதி, மதச் சுதந்திரம் ஆகியவை மத்தியிடமே இருக்கும் என்ற பிரிவு. ஆயுதத்தைக் கொடுத்தால் கொன்றுவிடுவார்கள் என்ற பயத்துக்கு எதிரே, 840 ஆயுதங்கள் கட்டம் கட்டமாக அழிக்கப்படும்போதே படையினரும் கட்டம் கட்டமாக வெளியேறும் ஏற்பாடு. அதைப் பார்த்துக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் சேர்ந்த கண்காணிப்புக் குழு. 2006 டிசம்பரில் ஆளுநர் தேர்தலில் வென்ற இர்வாண்டி யூசுப் அந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்.

எந்தப் பயத்துக்குப் பிரிவு இல்லையோ, அதன் அருகில் சிவப்பில் கோடு போடுங்கள். இங்கே பாதிக்கப்பட்ட குடும்பங்களின் வரிசையில் கோடு விழும். உண்மை ஆணைக்குழு அமைப்போம் என்று ஒப்பந்தம் சொன்னது, ஆச்சேயில் அது செயல்படத் தொடங்க 2016 ஆனது.

ஐந்தாம் படி: மேசையில் இல்லாதவர்களைத் தேடுங்கள்

இரண்டு தரப்புப் பிணக்கு என்று சொல்லப்படுகிற எதுவும் உண்மையில் இரண்டு தரப்போடு நிற்பதில்லை. பிலிப்பைன்ஸின் மிண்டானாவோவில் மோரோ முஸ்லிம்கள், அரசின் குடியேற்றத் திட்டங்கள் வழியாக வந்து சேர்ந்த கிறிஸ்தவர்கள், இந்த இரண்டிலும் சேராத லுமாட் பழங்குடியினர் என்று மூன்று மக்கள். 2008இல் அரசுக்கும் மோரோ போராளிகளுக்கும் இடையே மூதாதையர் நிலம் பற்றிய ஓர் உடன்படிக்கை கையெழுத்துக்குத் தயாரானபோது, தங்களைக் கேட்கவே இல்லை என்று உள்ளூர் அரசியல்வாதிகள் உச்சநீதிமன்றம் போனார்கள், அது செல்லாது என்று தீர்ப்பானது, மறுபடியும் சண்டை வெடித்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் 2014 மார்ச் 27 ஒப்பந்தம் வரும்வரை ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். அரசுத் தரப்பில் அதில் கையெழுத்திட்ட தலைமைப் பேச்சுவார்த்தையாளர் மிரியம் கொரொனெல் ஃபெரர் என்ற பெண்.

இலங்கையில் 2002 பேச்சுவார்த்தையின்போது முஸ்லிம்கள் தனித் தரப்பாக உட்கார இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. நாகாலாந்தில் 1984இல் தொடங்கிய நாகா தாய்மார் சங்கம் எந்த ஒப்பந்த மேசையிலும் முதல் வரிசையில் இல்லை. ஆனால் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த இயக்கங்களின் முகாம்களுக்கு நடந்தே போய் இரத்தம் போதும் என்று கேட்டவர்கள் அவர்கள்.

அமெரிக்கச் சமாதான ஆய்வாளர் ஜான் பால் லெடராக் இதை ஒரு பிரமிடாக வரைவார். உச்சியில் தலைவர்களும் தளபதிகளும், அடியில் ஊர் மக்கள், நடுவில் ஆசிரியர்கள், மதகுருமார், வணிகர்கள், தொண்டு நிறுவனத்தார். மேலேயும் கீழேயும் ஒருசேரப் பேசக்கூடிய நடு அடுக்குதான் நீடிக்கிற சமாதானத்தைத் தாங்குகிறது என்பது அவர் வாதம். நீங்கள் எடுத்த பிணக்கில் நடு அடுக்கில் யார் இருக்கிறார்கள் என்று பத்துப் பெயராவது எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நீங்கள் இதுவரை படித்தது தலைவர்களின் கதை மட்டும்.

ஆறாம் படி: கையெழுத்துக்கு அடுத்த நாளிலிருந்து படியுங்கள்

செய்தியாளர்கள் கையெழுத்து அன்று கிளம்பிவிடுவார்கள். மாணவர் அன்றுதான் வந்து சேர வேண்டும். சிட்டகாங் மலைப்பகுதி ஒப்பந்தம் நிலத் தகராறுகளைத் தீர்க்க ஓர் ஆணையம் என்றது. 1960களின் தொடக்கத்தில் கப்தாய் அணை சுமார் ஒரு லட்சம் பேரை இடம்பெயர்த்தது, பிறகு சமவெளியிலிருந்து வந்தவர்கள் அரசு உதவியோடு குடியமர்த்தப்பட்டார்கள், ஆகவே அங்கே பிணக்கின் மறுபெயரே நிலம். அந்த ஆணையத்துக்கான சட்டம் 2001இல் வந்தது, திருத்தம் வர 2016 ஆனது, மலைமக்கள் இன்னும் தங்கள் நிலத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இலங்கை அரசியலமைப்பின் 13வது திருத்தம் 1987இலிருந்து சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, அதில் மாகாணங்களுக்கு எழுதப்பட்ட காணி, பொலிஸ் அதிகாரங்கள் கைக்கு வரவில்லை. மிண்டானாவோவில் 2014 ஒப்பந்தத்தின் வழியாக அமைந்த தன்னாட்சிப் பகுதியான பங்சமோரோவில் 2022இல் நடக்க வேண்டிய முதல் பாராளுமன்றத் தேர்தல் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது.

ஒரு அட்டவணை போட்டு, இடப்பக்கம் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பிரிவையும், வலப்பக்கம் அது நிறைவேறிய நாளையும் எழுதுங்கள். காலியான கட்டங்கள் எங்கே குவிகின்றன என்று பாருங்கள். நான் பார்த்தவரை நிலத்திலும், பொலிஸிலும், காணாமல் போனவர்கள் பற்றிய பிரிவுகளிலும்தான்.

நீதியைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கிழக்குத் திமோரில், இந்தோனேசியாவிடமிருந்து பிரிய வாக்களித்த 1999இன் வன்முறைக்குப் பிறகு, பாயை விரித்தல் என்ற பழைய வழக்கத்தை உண்மை ஆணைக்குழு கையில் எடுத்தது. திருட்டு, வீட்டுக்குத் தீ வைத்தல் போன்ற குற்றங்களைச் செய்தவர், ஊரின் நடுவில் விரித்த பாயின் முன் வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் கேள்வி கேட்பார். மூத்தவர்கள் இருப்பார்கள். முடிவில் மன்னிப்பு, ஊர் வேலை, ஈடு என்று ஏதாவது ஒன்றுக்கு உடன்பட்டு, அதை நீதிமன்றத்தில் பதிவு செய்வார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி ஊர் திரும்பினார்கள். கொலையும் பாலியல் வன்முறையும் இதில் சேராது, அவை நீதிமன்றத்துக்கு உரியவை. ஆனால் அந்தக் குற்றங்களுக்கு உத்தரவிட்டவர்கள் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் இந்தோனேசியாவில் இருந்ததால் வழக்கு அவர்களைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் பாயில் உட்கார்ந்தான், தளபதி உட்காரவில்லை. நல்லிணக்கம் என்ற சொல் எங்கே வந்தாலும், இதில் யார் பாயில் உட்கார்கிறார், யார் உட்காரவில்லை என்று கேட்டுப் பழகுங்கள்.

ஏழாம் படி: களத்துக்குப் போகும் முன்

ஒரு கட்டத்தில் நேரில் போகத் தோன்றும். அதற்கு முன், உங்கள் வருகை யாருக்காவது கேடாகுமா என்று உட்கார்ந்து யோசியுங்கள். நீங்கள் யார் வண்டியில் போகிறீர்கள், எந்த வீட்டில் தங்குகிறீர்கள், யார் மொழிபெயர்க்கிறார் என்பதையெல்லாம் ஊர் கவனிக்கும். பேசியவர் பெயரையும் ஊரையும் குறிப்பேட்டில் எழுதாதீர்கள், குறியீடு வைத்துக்கொள்ளுங்கள். போனில் படம் எடுத்தால் பின்னணியில் யார் முகம் விழுகிறது என்று பாருங்கள். பேசச் சம்மதித்தவர் நடுவில் நிறுத்தினால், அத்தோடு விடுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்களைச் சந்திக்க விரும்பும் மாணவர்கள் நிறைய. அவர்களிடம் நான் சொல்வது இது. அந்த அம்மா தன் மகனைப் பற்றி ஆணைக்குழு ஆணைக்குழுவாகச் சொல்லிவிட்டார். புகைப்படத்தை உறையிலிருந்து எடுப்பார், உங்கள் பக்கம் திருப்புவார், எந்த நாள், எந்த இடம், என்ன சட்டை என்று சொல்வார், திரும்ப உறைக்குள் வைப்பார். அந்த உறையின் ஓரங்கள் தேய்ந்து போயிருக்கும். அதே சாட்சியம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அதைப் படியுங்கள், அவரைத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால், நீங்கள் எழுதியதை அவர் மொழியில் அவரிடம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

வதந்தியைச் சரிபார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவின் அம்போனில் 1999 ஜனவரியில் தொடங்கிய கிறிஸ்தவர் - முஸ்லிம் மோதல் ஊரை இரண்டாகப் பிளந்தது, 2002 பிப்ரவரியில் மாலினோவில் உடன்பாடு வந்தது. 2011 செப்டம்பரில் ஒரு முஸ்லிம் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் இறந்தார். விபத்து என்றது போலீஸ், கொலை என்றன கைபேசிக் குறுஞ்செய்திகள். கலவரம் தொடங்கியது. அப்போது இரு மதத்தையும் சேர்ந்த இளைஞர்கள் தங்களுக்குச் "சமாதானத் தூண்டுநர்கள்" என்று பெயர் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். இன்ன வழிபாட்டிடம் எரிகிறது என்று செய்தி வந்தால், அருகில் இருப்பவர் நேரில் போய்ப் பார்த்து, அது முழுசாக நிற்கிற படத்தை எடுத்து அனுப்புவார். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் ஊரை எரித்த கதை இந்தத் தடவை பரவுவதற்குள் பல இடங்களில் நின்றுபோனது. இன்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தால், யார் எடுத்தது, எந்த ஊர், எந்த நாள் என்ற மூன்றும் தெரியும்வரை அடுத்தவருக்கு அனுப்பாமல் இருப்பது இந்தத் துறையில் உங்களுடைய முதல் களவேலை.

எட்டாம் படி: தரவு, மொழி, படிப்பு

தரவுக்கு மூன்று இடங்கள் போதும். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத்தளம் ஓராண்டில் குறைந்தது 25 பேர் சண்டையில் இறந்தால் ஆயுத மோதல், குறைந்தது 1,000 பேர் இறந்தால் போர் என்று வகைப்படுத்துகிறது. இந்த வரையறையைத் தெரிந்துகொண்டே எண்களைப் படியுங்கள், ஏனென்றால் பட்டினியிலும் முகாமிலும் இறந்தவர்கள் அந்த எண்ணில் வரமாட்டார்கள். ஒப்பந்தங்களின் பிரிவுகள் எவ்வளவு நிறைவேறின என்பதற்கு நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தின் சமாதான ஒப்பந்தத் தொகுப்பு. ஒப்பந்தங்களின் மூலப் பிரதிக்கு ஐக்கிய நாடுகள் அவையின் மத்தியஸ்தத் தளம். மூன்றும் இணையத்தில் இலவசம்.

படிப்பு என்று பார்த்தால், டெல்லியில் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் நெல்சன் மண்டேலா பெயரிலான சமாதான மையமும், பாங்காக் அருகே மகிடோல் பல்கலைக்கழகத்தில் மனித உரிமை, சமாதானக் கற்கை நிறுவனமும் உண்டு. நீண்ட படிப்புக்கு வசதி இல்லாதவர்கள் டாவோவில் நடக்கும் மிண்டானாவோ சமாதானக் கட்டமைப்பு நிறுவனத்தின் குறுகியகாலப் பயிற்சிகளைப் பார்க்கலாம். அங்கே பக்கத்து இருக்கையில் மியான்மர்க்காரரோ பட்டாணிக்காரரோ இருப்பார், வகுப்பைவிட அவரிடம் கற்பது அதிகமாக இருக்கும்.

பட்டத்தைவிட முக்கியம் மொழி. ஆச்சேயைப் படிக்கிறவர் இந்தோனேசிய மொழியை ஓராண்டில் செய்தித்தாள் படிக்கிற அளவுக்குக் கற்கலாம். இலங்கையைப் படிக்கிற தமிழர் சிங்கள எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே நிகழ்வு அடுத்த மொழியின் நாளிதழில் எத்தனையாம் பக்கத்தில், எந்தத் தலைப்பில் வருகிறது என்று நீங்களே பார்த்தால், மூன்றாம் படியில் போட்ட கேள்விக்குறிகளில் பாதி தானாக நிரம்பும்.

இந்தப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும்போது, ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். உலக சமாதானம் என்று எழுதாதீர்கள். உங்கள் சுவரில் இருக்கிற காலக்கோட்டைப் பற்றி எழுதுங்கள்: எந்த ஆண்டு எந்த நிறத்தில் இருக்கிறது, எந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது, அதை நிரப்ப நீங்கள் யாரிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.